இரண்டாண்டுக் கல்லூரியில் குற்றவியல் நீதி

நேயர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் குடியேறிய நம் குடும்பங்களில், குற்றவியல் நீதி படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், "போலீஸ் வேலைக்கா?" என்று கேட்கிறோம். அதையும் இரண்டாண்டுப் பட்டம் தரும் கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்குகிறேன் என்றால், "நேரே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லையா?" என்கிறோம். இந்த இரண்டாவது கேள்வி எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருவது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மாநிலவாசிகளுக்கு இக்கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடங்களை அளக்கும் அலகு ஒன்றுக்கு, கட்டணம் 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட். ஆக, 2,760 டாலர். புத்தகச் செலவு தனி. பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் கட்டணமே இதைத் தாண்டிவிடும். அதோடு, 2010இல் இயற்றப்பட்ட ஒரு மாநிலச் சட்டத்தால், பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே வகுத்த இரண்டாண்டுப் பட்டம் ஒன்று வந்தது. அதை முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. தொடர்புடைய துறையில் இன்னும் 60 யூனிட் படித்தால் இளங்கலைப் பட்டம் கையில்.

ஆனால் அந்த உறுதி எதற்கு என்பதைக் கவனியுங்கள். பல வளாகங்கள் கொண்ட அந்த அமைப்பில் ஏதோ ஓர் இடத்துக்குத்தான் உறுதி. சான் ஹோசே வேண்டும், லாங் பீச் வேண்டும் என்று கேட்டால் தராது. கூட்டம் மிகுந்த வளாகங்களில் மதிப்பெண் போட்டி உண்டு. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.0தான்; அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

பாடத்தேர்விலும் ஒரு சிக்கல். பல கல்லூரிகளில் இந்தத் துறைக்குப் பெயர் 'நீதி நிர்வாகம்'. சில கல்லூரிகளில் இதன் பக்கத்திலேயே காவலர் பயிற்சி அகாதெமியும் நடக்கிறது. துப்பாக்கிப் பயிற்சி, வாகன ஓட்டம், கைது முறை எல்லாம் வேலைக்கான பயிற்சிகள். இளங்கலையின் முதன்மைப் பாடமாக அவற்றை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' என்னும் மாநில இணையதளம் சொல்லிவிடும். முதல் செமஸ்டரிலேயே அதை விரித்து வைத்துக்கொண்டு கவுன்சிலர் முன் உட்காருங்கள். புலனாய்வு வகுப்புக்கு ஆசைப்பட்டு, பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் புள்ளியியலைத் தள்ளிப்போடும் பிள்ளைகள், மாறும் நேரத்தில் அதற்காகவே ஒரு செமஸ்டர் காத்திருக்க நேரலாம். தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை செய்யக் கனவு காண்பவருக்கோ இந்தத் துறையே பொருந்தாது. வேதியியலோ உயிரியலோதான் அதற்கு வழி.

இனி, "போலீஸ் வேலைக்கா?" என்ற கேள்வி. ஆம் என்றாலும் குறைவில்லை. நன்னடத்தை அதிகாரி, நீதிமன்றப் பணி, சிறார் நலம், சட்டக் கல்லூரி என்று பிற வழிகளும் திறந்திருக்கின்றன. போலீசாகத்தான் வேண்டும் என்பவருக்கும் காலம் இடம் தருகிறது. 2021இல் இயற்றிய சட்டம் காவல் பணியில் சேரும் குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 21 ஆக்கியது. பள்ளி முடித்த பிள்ளைக்கு நடுவில் மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன. அதில் இரண்டை இந்தக் கல்லூரிக்குக் கொடுத்தால் என்ன?

காவலருக்குக் கல்லூரிப் படிப்பு என்ற எண்ணம் வேரூன்றிய மண்ணும் இதுதான். பெர்க்லி நகரக் காவல் தலைவர் ஆகஸ்ட் வால்மர் 1916இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் காவலர்களுக்கு வகுப்பு தொடங்க வைத்தார். அவரிடம் கல்லூரிப் பட்டம் கிடையாது!

இரண்டாண்டுக் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்தது, அங்கே யார் யார் சேர்ந்து படிக்கிறார்கள் என்பது. மாலை வகுப்பில் 18 வயதுப் பெண்ணுக்கு அருகில் சிறைக் காவலர் அமர்ந்திருக்கலாம். பின் வரிசையில் தண்டனை முடித்து வந்தவர் இருக்கலாம். பாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற துப்பறிவாளராகவோ வழக்கறிஞராகவோ இருப்பது சாதாரணம். ஜாமீன் பற்றிய விவாதம் இந்த வகுப்பில் சூடேறும் அளவுக்கு நானூறு பேர் உட்காரும் அரங்கில் சூடேறாது என்பது என் கருத்து. ஆயுதக் கொள்ளைக்காகச் சொலடாட் சிறையில் ஐந்து ஆண்டு இருந்த ஜான் இர்வின், பிற்பாடு சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியரானார். சிறையிலிருந்து வருவோர் பட்டம் பெற 'பிராஜெக்ட் ரீபவுண்ட்' என்ற திட்டத்தை 1967இல் தொடங்கினார். இன்று மாநிலப் பல்கலைக்கழகத்தின் பல வளாகங்களில் அது நடக்கிறது. உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழர் யார் என்று கவலைப்படும் பெற்றோர், நீதியைப் படிக்கும் இடத்தில் இவர்களும் இருப்பதுதான் முறை என்பதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அடுத்த இலையுதிர்காலச் சேர்க்கைக்கு மாநிலப் பல்கலைக்கழக விண்ணப்பம் அக்டோபர் 1 அன்று திறக்கும். மாறுவதற்கான பட்டம் படிப்பதை விண்ணப்பத்தில் மறவாமல் குறிப்பிடுங்கள். உங்கள் கல்லூரி அதை உறுதிப்படுத்தியதா என்றும் கேட்டுவிடுங்கள். வணக்கம்.