வாய்க்கால் வழியே கிளிநொச்சி

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சி என்றதும் எல்லோருக்கும் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதிதான் நினைவுக்கு வரும். பஸ்ஸில் போகும்போது 155ஆம் கட்டை, டிப்போச் சந்தி, கந்தசுவாமி கோவில், கரடிப்போக்கு என்று பார்த்துக்கொண்டே பரந்தனைத் தாண்டிவிடுவோம். ஆனால் இந்தப் பட்டினத்தை உண்டாக்கியது வீதி இல்லை, தண்ணீர்.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக்குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் இல்லாதவர்களை 1936இல் இங்கே குடியேற்றினார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர் பாயும் உருத்திரபுரத்தில் வீடு எங்கே என்று கேட்டால் இன்றைக்கும் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் பதில் வரும்.

என் அம்மம்மா அப்படி வந்தவர். மலேரியாவும் கொயினாக் குளிசையுமாக இருந்த காலம். ஆனால் அவர் காய்ச்சலைப் பற்றிப் பேசமாட்டார், வயல்களுக்கு முறை வைத்து விடும் முறைத்தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார். மழை குறைந்த சிறுபோகத்தில் எங்கள் முறை நடுச்சாமத்தில் வருமாம். அம்மப்பா மண்வெட்டியோடு முன்னே போக, இவர் அரிக்கன் லாம்போடு பின்னே போவார். ஒருநாள் மேல்வயற்காரர் தன் மடையை அடைக்காமல் போய்விட்டார். எங்கள் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "நீங்களே அடைத்திருக்கலாமே?" என்று நான் கேட்பேன். "அவரில்லாமல் அவர்ர மடையில கை வைக்கலாமோ?" என்பார். விடியும்வரை லாம்போடு அங்கேயே இருந்திருக்கிறார். காலையில் வந்து பார்த்த மனிதர், தன் அடுத்த முறையில் பாதியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அப்புறம் அந்த வீட்டில்தான் எங்கள் பெரியம்மா வாழ்க்கைப்பட்டார்!

சரி, வாய்க்கால் ஏறாத மேட்டுக்காணிகளுக்கு வருவோம். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர் என்று காடு வெட்டிக் குடியிருந்தார்கள். எங்கள் வயல்களில் களை பிடுங்கியதும் நெல் அருவி வெட்டியதும் அவர்கள்தான். சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பேசும்போது, வயல் இல்லாத அவர்களுக்கு அங்கே என்ன பேச்சு? மறுபடியும் சொல்கிறேன், தண்ணீர் யாருக்குப் போகிறது என்று பாருங்கள், இந்த ஊர் விளங்கும். இவர்களை விட்டுவிட்டு எழுதும் கிளிநொச்சி வரலாற்றை நான் ஏற்கமாட்டேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். 1984இல் தனி மாவட்டமானது, போரில் 1996, 1998, 2009 என்று பட்டினம் கைமாறி இடிந்தது, 2013இல் ரயில் திரும்பி வந்தது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, எல்லாம் குறித்து வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் நிலையத்தாரிடம் கேட்கிறேன்: பாரதிபுரத்தில் முதல் கொட்டில் போட்டவர்களை அடுத்த கிழமை இங்கே பேச அழையுங்கள். வணக்கம்.