தெர்மாகோலுக்குள் கிடந்த கேபிள்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனை வானொலியில் பேசக் கூப்பிட்டால் ஒரு சங்கடம் இருக்கிறது. மானிட்டருக்கு எந்தக் கேபிள் என்று கடையில் யாராவது வந்து கேட்டால் இரண்டு கேபிளைக் கையில் எடுத்து, "இது இல்லை, இது" என்று காட்டிவிடுவேன். இங்கே காட்ட வழியில்லை. பரவாயில்லை, மேசைக்குப் பின்னால் குனிந்து மானிட்டர் வயரை மாட்டும்போது யாரும் பார்த்தா மாட்டுகிறோம்? தடவித்தானே மாட்டுகிறோம். நானும் தடவிப் பார்க்கிற மாதிரியே சொல்கிறேன்.

போன வருடம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். புதிதாக 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கியிருந்தார். "அண்ணே, படம் நல்லாத்தான் தெரியுது. ஆனா மவுஸை இழுத்தா அம்புக்குறி விட்டு விட்டு வருது. சாயங்காலம் ஆனா கண்ணு வலிக்குது" என்றார். கேபிள் மீது சந்தேகப்பட்டு, அதற்குள் மூன்று ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கிவிட்டார். மூன்றாவதன் அட்டையில் '8கே' என்று பெரிதாகப் போட்டிருந்தது. முனையில் தங்க முலாம், மேலே பின்னல் உறை. பார்த்தால் நகைக்கடையில் வாங்கியது போல இருந்தது.

ஸ்டுடியோவுக்குப் போய், விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தேன். ரெஃப்ரெஷ் ரேட் 30 ஹெர்ட்ஸ். அதாவது திரைக்கு விநாடிக்கு 30 படம்தான் போகிறது. சாதாரண மானிட்டருக்கே 60 வேண்டும். 60-க்கு மாற்றலாம் என்று பட்டியலைப் பார்த்தால், அதில் 60 இல்லவே இல்லை.

ஏன் இல்லை? ஒரு சின்னக் கணக்கு. 4கே திரையில் குறுக்கே 3840 புள்ளி, நெடுக்கே 2160 புள்ளி. பெருக்கினால் ஏறக்குறைய 83 லட்சம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். அதை விநாடிக்கு 60 தடவை அனுப்பினால் கிட்டத்தட்ட 1,200 கோடி பிட். ஹெச்.டி.எம்.ஐ.யில் இடைவெளி, குறியாக்கம் என்று மேல்செலவும் உண்டு. எல்லாம் சேர்த்து 1,800 கோடியை நெருங்கும். அவருடைய சி.பி.யு.வில் இருந்த ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டோ, அதாவது கேபிளைச் செருகுகிற சாக்கெட்டோ, 1.4 என்கிற தலைமுறை, 2009-இல் வந்தது. அதன் உச்சமே 1,020 கோடி. பாதி வேகத்துக்கு இறக்கி 30-ஆக அனுப்பினால் மட்டும் அதற்குள் அடங்கும். போர்ட்டின் கதை இப்படி இருக்க, வெளியே எந்தக் கேபிளை மாட்டி என்ன?

அந்தப் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே, படம் அனுப்புகிற இன்னொரு வகையான டிஸ்ப்ளே போர்ட் சும்மா இருந்தது. அது 1.2 வகை, 2,160 கோடி வரை தாங்கும். "மானிட்டர் வந்த பெட்டி எங்கே தம்பி?" என்றேன். பரணிலிருந்து இறக்கினார். தெர்மாகோலின் ஓரத்துக் குழியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், டிஸ்ப்ளே போர்ட் கேபிள் கிடந்தது. மாட்டினோம். 60 வந்தது. சொல்லியனுப்பிய டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இதில் எனக்குப் பட்டது இதுதான். தப்பான இணைப்பு என்றால் திரை இருட்டாகிவிடும் என்று நினைக்கிறோம். இருட்டானால் தேவலை, உடனே தூக்கிக்கொண்டு வருவீர்கள். படம் வந்துவிடுகிறது, கொஞ்சம் குறையோடு. அந்தக் குறையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். அதனால் கேபிள் வாங்கப் போகிறவர்கள், முதலில் இரண்டு பக்கத்துப் போர்ட்டையும் பாருங்கள்.

சரி, தடவிப் பார்ப்போம். பதினைந்து துளை, மூன்று வரிசை, இரு பக்கமும் திருகு, பெரும்பாலும் நீல நிறம் என்றால் அது வி.ஜி.ஏ. 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. படத்தை எண்களாக இல்லாமல் மின் அலையாக அனுப்புகிற அனலாக் வகை என்பதால் வயர் நீளமாக நீளமாக எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் தட்டும். பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு இன்றைக்கும் போதும். வெள்ளையாக, அகலமாக, ஒரு ஓரத்தில் பட்டையான துளையோடு இருந்தால் டி.வி.ஐ. புது மானிட்டர்களில் அநேகமாக இல்லை, விட்டுவிடலாம்.

கீழ்ப்பக்கம் இரண்டு ஓரமும் சரிந்து வந்தால் ஹெச்.டி.எம்.ஐ. ஒரே ஒரு ஓரம் மட்டும் வெட்டியிருந்தால் டிஸ்ப்ளே போர்ட். இந்த இரண்டாவதின் கேபிள் பலவற்றில் உள்ளே சின்னக் கொக்கி உண்டு. மேலே உள்ள பட்டனை அமுக்கிக்கொண்டுதான் உருவ வேண்டும். அமுக்காமல் பிடித்து இழுத்து, சாக்கெட்டே கையோடு வந்த போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை '2.0 கேபிள்', '2.1 கேபிள்' என்று சொல்லி விற்கிறார்கள். அந்த எண்கள் உண்மையில் கருவிக்கு உரியவை. கேபிளுக்கென்று தனிப் பெயர் உண்டு. 4கே 60 ஹெர்ட்ஸுக்குப் 'பிரீமியம் ஹை ஸ்பீடு', அதற்கும் மேலே போனால் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. இந்த இரண்டு வகையிலும் சான்று பெற்றதாக இருந்தால் பெட்டியின் மேல் ஸ்கேன் செய்து சரிபார்க்க ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். 1920-க்கு 1080 மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். வீட்டில் கிடக்கிற ஹை ஸ்பீடு கேபிள் தாராளம்.

தங்க முலாமா? அதனால் துரு ஏறாது. கடலோர ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வசதி. படத்தின் தரம் அதனால் துளியும் கூடிவிடாது. டிஜிட்டல் கேபிளில் வலு குறைந்தால் நிறம் மங்காது. திரையில் மினுமினுவென்று புள்ளி தெறிக்கும், அல்லது ஒரு விநாடி அணைந்து திரும்ப வரும். அப்போது சந்தேகமே இல்லாமல் கேபிளை மாற்றலாம். இரண்டு மீட்டரில் வராத வம்பு, ஐந்து மீட்டரைத் தாண்டினால் வரலாம்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது திசை முக்கியம். சி.பி.யு.வில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் ஹெச்.டி.எம்.ஐ. என்றால் பெரும்பாலும் சின்ன அடாப்டரே போதும். அதையே திருப்பிப் போட்டு, ஹெச்.டி.எம்.ஐ. சி.பி.யு.விலிருந்து டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்குப் போக முடியாது. அதற்கு மின்சாரம் எடுத்து வேலை செய்கிற வேறு கருவி வேண்டும், விலையும் கூடுதல். டைப்-சி இன்னும் பெரிய ஏமாற்று. முனை ஒன்று போலவே இருக்கும். ஆனால் போனோடு வந்த சார்ஜர் கேபிளில் பெரும்பாலும் படம் போகாது. லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டும் படம் அனுப்புகிற வகையாக இருக்க வேண்டும். பக்கத்தில் தண்டர்போல்ட் என்கிற வேக இணைப்பின் மின்னல் குறியோ, டிஸ்ப்ளே போர்ட்டின் குறியோ இருந்தால் நம்பலாம்.

பையனுக்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்ட பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மானிட்டர் வயரை யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்கு நடுவே மாட்டியிருந்தால் அது மதர்போர்டு. கீழே படுக்கை வாட்டத்தில் இருப்பதுதான் கார்டு, அதில்தான் மாட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வீடுகள் நிறைய.

கடைசியாக, என்னையே அரை நாள் சுற்றவைத்த ஒரு கேபிள். ஒரு டெஸ்க்டாப்பை அணைத்தால் திரும்ப ஆன் ஆகாது. பவர் சப்ளையை மாற்றினேன். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அலுத்துப்போய் மூட்டை கட்டலாம் என்று மானிட்டர் வயரை உருவினேன். பட்டனைத் தட்டியதும் ஜம்மென்று ஆன் ஆனது! டிஸ்ப்ளே போர்ட் சாக்கெட்டின் இருபதாவது பின்னில் 3.3 வோல்ட் இருக்கும். கேபிளுக்குள் அந்தப் பின்னை இரு முனைக்கும் இணைக்கக் கூடாது என்பது விதி. பெயரில்லாத அந்த மலிவுக் கேபிளில் இணைத்திருந்தார்கள். மானிட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாக போர்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போகும் முன், மானிட்டரின் பின்பக்கத்தையும் சி.பி.யு.வின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மாடல் எண்ணும் தெரிய வேண்டும். அது கையில் இருந்தால் கடைக்காரரால் உங்களைச் சுற்றவிட முடியாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஆல்பம் தம்பியின் மூன்று கேபிள்களில் ஒன்று வீட்டு டி.வி.க்குப் போனது. ஒன்று யாரோ கேட்டு வாங்கிப் போய்விட்டார்களாம். '8கே' என்று போட்டதை என்னிடமே கொடுத்துவிட்டார். கடையில் மானிட்டர்களைச் சோதிக்க இப்போது அதைத்தான் மாட்டுகிறேன். நல்ல கேபிள்தான்.

வணக்கம்.