மண்டையோடு காட்டிய வழி

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு ஷேக்ஸ்பியரும் இன்றைய இளைஞர்களும். நானோ ஒரு வீடியோ கேமைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சுற்றிச் சுற்றி ஹாம்லெட்டிடமே வந்துவிடுவேன்.

கேமின் பெயர் 'டு பி ஆர் நாட் டு பி', வாழ்வதா சாவதா என்று ஹாம்லெட் பேசுகிற வசனம்தான். 2015-இல் வந்தது. செய்தவர்கள் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில் இருக்கும் டின் மேன் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தார். பகடை உருட்டிக்கொண்டே படிக்கிற அந்தக் கால சாகசப் புத்தகங்களை போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவருவதுதான் அவர்கள் தொழில். ஆனால் சரக்கு அவர்களுடையது இல்லை. அது ரையன் நார்த் என்ற கனடாக்காரர் எழுதிய புத்தகம். இவர் 2003-லிருந்து டைனோசர் காமிக்ஸ் என்று ஒன்று இணையத்தில் போட்டுவருகிறார், அதில் ஒரு விசேஷம் என்னவென்றால் படம் மாறவே மாறாது, அதே ஆறு கட்டம், அதே டைனோசர், வசனம் மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் வேறு. இப்படிப்பட்ட ஆளின் கையில் ஹாம்லெட் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2012 கடைசியில் அவர் மக்களிடம் காசு திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் இந்தப் புத்தகத்துக்காக 20,000 டாலர் கேட்டார். வந்து சேர்ந்தது 5,80,000 டாலருக்கு மேல். பதிப்புத் துறையில் அந்தத் தளத்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு விழுந்ததில்லை. நானூறு வருஷத்துப் பழைய சோக நாடகத்தை கேலி பண்ண மக்கள் இவ்வளவு காசு கொடுத்திருக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், எப்படி விளையாடுவது? கதை ஓடும். நடுவில் நிற்கும். இதைச் செய்கிறாயா, அதைச் செய்கிறாயா என்று கேட்கும். நீங்கள் ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பிவிடும், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே மூன்று பேரில் ஒருவராக மாறச் சொல்லும். இளவரசன் ஹாம்லெட், அவன் காதலி ஒஃபீலியா, இல்லையென்றால் ஹாம்லெட்டின் அப்பா, பழைய ராஜா. என் அக்கா மகள், பத்தாவது படிக்கிறாள், லீவுக்கு வந்தபோது என் லேப்டாப்பில் இதை விளையாட உட்கார்ந்தாள். ராஜாதானே பெரிய ஆள் என்று ராஜாவைத் தொட்டாள். ராஜா தோட்டத்தில் தூங்குகிறார், காதில் விஷம் ஊற்றுகிறார்கள், செத்துவிட்டார். "மாமா, இன்னும் ஒரு ஸ்டெப் கூட ஆடலையே!" என்கிறாள். செத்தால் என்ன, அங்கிருந்துதான் ஆட்டம் தொடங்குகிறது, நீங்கள் இப்போது பேய். பேய்க்கு மூச்சு முட்டாது இல்லையா, பழிவாங்கும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு கடலடிக்குப் போய் மீன்களை ஆராய்ச்சி செய்யலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் மண்டையோடு. ஷேக்ஸ்பியர்தான் இந்தப் புத்தகத்தைத் திருடி நாடகம் எழுதினார் என்று நார்த் ஒரு புளுகு புளுகுகிறார். அதாவது ஷேக்ஸ்பியர் இந்தப் புத்தகத்தைப் படித்தார், ஒவ்வொரு இடத்திலும் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார், அதையே தன் கதை என்று மேடையேற்றிவிட்டார். அவர் போன வழி எதுவென்று தெரிய, அந்தந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மண்டையோட்டுப் படம். யோரிக்கின் மண்டையோடு. ஹாம்லெட் இடுகாட்டில் கையில் எடுத்துப் பார்ப்பானே, சின்ன வயசில் தன்னை முதுகில் சுமந்து திரிந்த விகடகவியின் மண்டை, அதேதான். சோக நாடகத்துக்குள் ஏற்கெனவே செத்துக்கிடக்கும் ஒரே ஒரு காமெடியன். அவனைக் கொண்டே 'சோகம் இந்தப் பக்கம்' என்று வழிகாட்டிப் பலகை நட்டிருக்கிறார்கள்.

அந்த மண்டையோட்டைத் தொடர்ந்து போனால் ஒன்று புரியும். ஷேக்ஸ்பியர் தேர்ந்தெடுத்த வழி, விளையாடுகிறவன் கண்ணில், படுமுட்டாள்தனம். அப்பாவின் பேய் வந்து உன் சித்தப்பன்தான் என்னைக் கொன்றான் என்கிறது. நேரே போய் அவனைத் தீர்த்துவிட்டு வருவதை விட்டுவிட்டு, பைத்தியம் மாதிரி நடிக்க வேண்டும். அப்புறம் சித்தப்பன் நெளிகிறானா என்று அவன் முன்னால் நாடகம் போட்டுப் பார்க்க வேண்டும். (கேமில் நாடகத்துக்குள் நாடகம் இல்லை, புத்தகத்துக்குள் புத்தகம்.) அப்புறம் திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்க்காமல் குத்த வேண்டும். கதை சொல்கிற குரல் ஒவ்வொரு தடவையும் உங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும், நிஜமாகவே இதைத்தான் செய்யப் போகிறாயா என்று கேட்கும். அதிலும் ஒஃபீலியாவாக ஆடும்போது மண்டையோட்டைத் தொட்டால் அந்தக் குரலுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! நாடகத்தில் ஒஃபீலியாவுக்கு என்ன இருக்கிறது? அண்ணன் புத்தி சொல்கிறான், அப்பா கட்டளை போடுகிறார், காதலன் மடத்துக்குப் போ என்று விரட்டுகிறான், கடைசியில் ஓடையில் விழுந்து சாகிறாள், அந்தச் சாவைக்கூட ராணிதான் நமக்கு வந்து சொல்கிறாள். கேமில் அவள் விஞ்ஞானி. தெர்மாமீட்டர் கண்டுபிடிக்கிறாள். அக்கா மகள் அதற்கப்புறம் ராஜா பக்கமே போகவில்லை.

அப்புறம் கடற்கொள்ளையர். ஹாம்லெட்டைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள், நடுக்கடலில் கொள்ளையர் தாக்குகிறார்கள், ஹாம்லெட் தனியாக அவர்கள் கப்பலுக்குத் தாவி மாட்டிக்கொள்கிறான். இது நாடகத்தில் எங்கே வருகிறது? நான்காம் அங்கத்தில், நண்பன் ஹொரேஷியோவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில். ஒரு மாலுமி கொண்டுவந்து கொடுக்கிறான், ஹொரேஷியோ நின்றுகொண்டு படிக்கிறான், முடிந்தது. நாலு மணி நேர நாடகத்தில் அப்பட்டமான சண்டைக் காட்சி, அதை லெட்டரில் முடித்துவிட்டார். கேமில் அந்தச் சண்டையை நீங்களே போடலாம். ஷேக்ஸ்பியர் சண்டையை விட்டதற்கு மேடையில் கப்பல் கட்ட முடியாது என்பது மட்டும் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, இன்னொரு நாடகத்தில் புயலையும் கப்பலையும் முதல் காட்சியிலேயே வைத்தவர்தானே அவர். நாடகம் முழுக்க ஒன்றும் செய்யாமல் யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவன், உண்மையிலேயே யோசிக்காமல் பாய்ந்த ஒரு வேளையை நம் கண்ணில் காட்டாமல் மறைத்துவிட்டார் என்றே படுகிறது.

சரி, கேலிக்கு வருகிறேன். இது ஷேக்ஸ்பியருக்கு அவமரியாதை என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. இப்போது கையில் இருக்கும் ஹாம்லெட் 1600 வாக்கில் எழுதியது. அதற்கு முன்பே ஒரு ஹாம்லெட் நாடகம் லண்டனில் நடந்திருக்கிறது, பிரதி கிடைக்கவில்லை. 1596-இல் தாமஸ் லாட்ஜ் என்பவர் ஒரு ஆளின் முகத்தை வர்ணிக்கும்போது, நாடகக் கொட்டகையில் 'ஹாம்லெட், பழிவாங்கு!' என்று சிப்பி விற்கிறவளைப் போலக் கூவிய பேயைப் போல வெளிறியிருந்தான் என்கிறார். பாருங்கள், நம் நாடகம் பிறப்பதற்கு முன்பே அதன் பேயைக் கிண்டலடித்தாகிவிட்டது!

அதற்கும் முந்தியது டென்மார்க் கதை. 1200 வாக்கில் சாக்ஸோ கிராமாட்டிகஸ் லத்தீனில் எழுதிவைத்தது. அதில் பெயர் ஆம்லெத். (பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டைத் தமிழ் மேடைக்கு 'அமலாதித்யன்' என்று கொண்டுவந்தார். அமலாதித்யன், ஆம்லெத், காதில் எவ்வளவு பக்கத்தில் விழுகிறது பாருங்கள், தற்செயல்தான், ஆனாலும் எனக்கு ஒரு சந்தோஷம்.) இந்த ஆம்லெத் தயங்குகிற ஆளே இல்லை. ஒட்டுக்கேட்டவனை வைக்கோலுக்குள் குத்தி, வெட்டி, வேகவைத்து, பன்றிக்குப் போடுகிறான். இங்கிலாந்துக்குப் போய் அந்த ராஜா மகளையே கட்டிக்கொள்கிறான். ஊர் திரும்பினால் அவனுக்கே கருமாதி நடந்துகொண்டிருக்கிறது. எல்லோருக்கும் குடிக்க ஊற்றி, மயங்கி விழுந்ததும் சுவரில் தொங்கிய திரைச்சீலையை அவர்கள்மேல் அறுத்துப் போட்டு, ஆணி அடித்ததுபோல் மாட்டி, மாளிகைக்குத் தீ வைக்கிறான். சித்தப்பனைத் தனியாக அறையில் போய்த் தீர்க்கிறான். அப்புறம் மக்கள் முன்னால் ஒரு நீண்ட பேச்சு பேசி ராஜா ஆகிறான். வேறொரு போரில் சாவது பிற்பாடு, அது தனிக் கதை.

ஆக, கேமில் 'போய்க் கொல்' என்ற வழியைத் தொட்டு ராஜா ஆகிற பிள்ளை ஹாம்லெட்டைக் கெடுக்கவில்லை, பழைய ஆம்லெத்துக்குத் திரும்பிப் போகிறது. சாவதைத் தேர்ந்தெடுத்தது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்தான். முடிவை மாற்றுவதும் புதுசில்லை. 1681-இல் நேகம் டேட் என்பவர் லியர் மன்னன் நாடகத்தைத் திருத்தி எழுதினார். லியரின் கடைசி மகள் கார்டீலியா சாகவில்லை, எட்கரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், கிழவனுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதிய லியர் ஓரளவு முழுசாக மேடைக்குத் திரும்பி வர 1838 ஆயிற்று. நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்தே டேட்டின் ஆப்ஷனைத்தான் கிளிக் பண்ணியிருக்கிறது. சாமுவேல் ஜான்சன் போன்ற விமர்சன மலைகூட, கார்டீலியா செத்த இடத்தைப் படித்துவிட்டு, பதிப்பிக்க வேண்டி வரும்வரை அதைத் திரும்பப் படிக்கத் தன்னால் முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

ஹாம்லெட்டே இந்த கேமைக் கண்டித்திருப்பான் என்பது உண்மை. நடிகர்களுக்குப் பாடம் எடுக்கிறானே, மூன்றாம் அங்கத்தில், கோமாளி வேஷம் கட்டுகிறவன் எழுதிக்கொடுத்ததற்கு மேல் பேசக்கூடாது, நாடகத்தில் முக்கியமான கட்டம் போய்க்கொண்டிருக்கும்போது இவன் சிரிக்கவைக்கப் பார்ப்பது கேவலம் என்று. கேமின் கதைக்குரல் முழுக்க முழுக்க அந்தக் கோமாளிதான், எழுதிக்கொடுத்ததற்கு மேல் மட்டுமே பேசுகிறவன். நம் கூத்தில் கட்டியங்காரன் கர்ணன் சாகிற ராத்திரியிலும் குறுக்கே வந்து நக்கலடிக்கிறானே, யார் அழுகை அதனால் நின்றது? ஷேக்ஸ்பியரும் ஹாம்லெட்டை அப்படிப் பேசவைத்துவிட்டு, ஒஃபீலியாவைப் புதைக்கப் போகிற குழியிலேயே வெட்டியானை இறக்கி விடுகதை போட வைக்கிறார். கொத்தனாரைவிட, கப்பல் கட்டுகிறவனைவிட, தச்சனைவிட உறுதியாகக் கட்டுகிறவன் யார்? குழி வெட்டுகிறவன், அவன் கட்டிய வீடு பிரளயம்வரை நிற்கும்.

கேலியில் எனக்குக் குறையில்லை. என் குறை வேறு. ஐந்தாறு முடிவுகள் பார்த்தபின் சிரிப்பு வருகிறது, பயம் வரவில்லை. செத்தால் திரும்பத் தொடங்கலாம், செத்ததற்கு ஒரு அழகான படம் வேறு கிடைக்கிறது, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு ஓவியர் வரைந்திருக்கிறார், படத்துக்காகவே சாகலாம் போலிருக்கிறது. துக்கம் எங்கே போயிற்று? ரொம்ப நாள் யோசித்தேன். திரும்பத் தொடங்கலாம் என்பது மட்டும் காரணமில்லை.

மூன்றாம் அங்கத்தில் சித்தப்பன் கிளாடியஸ் தனியாக மண்டிபோட்டு ஜெபம் செய்கிற காட்சி. ஹாம்லெட் பின்னால் வருகிறான். வாளை உருவிவிட்டான். இப்போது வெட்டினால் வேலை முடிந்தது, அதற்கப்புறம் சாகிற ஏழு பேரும் பிழைத்துக்கொள்வார்கள், அவனையும் சேர்த்து. ஆனால் ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவானே, என் அப்பாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லையே என்று வாளை உறையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். அவன் போனபிறகு கிளாடியஸ் எழுந்து சொல்கிறான், என் வார்த்தைகள் மேலே பறக்கின்றன, நினைப்பு கீழேயே கிடக்கிறது, நினைப்பில்லாத வார்த்தை சொர்க்கம் போய்ச் சேராது என்று. அதாவது அவனால் ஜெபிக்கவே முடியவில்லை. அந்த நொடியில் வெட்டியிருந்தால் நேரே நரகம், ஹாம்லெட் கேட்டது அதுதான். இது நமக்குத் தெரியும். ஹாம்லெட்டுக்குத் தெரியாது, கடைசிவரை தெரியப்போவதுமில்லை.

கேமில் நீங்களே ஹாம்லெட்டாக இருந்தால் அந்த வரி உங்கள் காதில் எப்படி விழும்? நீங்கள்தான் அறையைவிட்டு வெளியே போய்விட்டீர்களே. மேடைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற, ஒன்றும் செய்ய முடியாதவனுக்குத்தான் அது கேட்கும்.

அக்கா மகள் கேமை முடித்துவிட்டு, நிஜ நாடகம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். ஒரு மேடைப் பதிவைப் போட்டேன், தமிழில் அங்கங்கே விளக்கிக்கொண்டே. முதல் ஒரு மணி நேரம் எங்கெல்லாம் மண்டையோடு இருந்தது என்று விரல் நீட்டிச் சிரித்தாள். ஜெபக் காட்சி வந்தது. "வெட்டுடா, வெட்டுடா" என்று லேப்டாப்பில் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள், படம் நின்றது, மறுபடி தட்டினாள், ஓடியது. ஹாம்லெட் போய்விட்டான். கிளாடியஸ் எழுந்து அந்த இரண்டு வரியைச் சொன்னான், நான் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் திரையைப் பார்த்தபடியே கேட்டாள், "மாமா, இதை யாராவது அவன்கிட்ட சொல்லுவாங்களா?"