நீல உண்டியலில் விழுந்த காசு

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் உலக வரலாறு நடத்தியவன். யூதர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் உண்டியலில்தான் ஆரம்பிப்பேன் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான்.

1901-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய சியோனிச மாநாட்டில், அதாவது யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்றவர்களின் மாநாட்டில், யூத தேசிய நிதியம் உருவானது. பாலஸ்தீனத்தில் நிலம் வாங்கப் பணம் திரட்டுவது அதன் வேலை. பணக்காரர்களை மட்டும் நம்பாமல், வீட்டுக்கு வீடு சின்னத் தகர உண்டியல் கொடுத்தார்கள். நீல நிற உண்டியல். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது, ஓய்வுநாள் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் அதில் சில்லறை விழும். குழந்தையின் கையில் காசைக் கொடுத்து, "நீ போடு" என்பார்கள். நம் வீடுகளில் திருப்பதிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதில்லையா, அது மாதிரி. ஆனால் முடிந்து வைத்தவர் என்றைக்காவது மலையேறிவிடுவார். வார்சாவிலும் நியூயார்க்கிலும் காசு போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை.

அப்புறம் மரம். பிள்ளை பிறந்ததா, யாராவது காலமானார்களா, பணம் அனுப்பினால் அங்கே ஒரு மரம் நடுவார்கள். சான்றிதழ் வரும். பார்க்காத ஊரில் தன் பெயருக்கு ஒரு மரம்! யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

சரி, அப்படிக் காசு போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே நிற்கிறார்கள்? அமெரிக்க யூதர்களிடம் பியூ ஆய்வு மையம் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், 65 வயதைத் தாண்டியவர்களில் 67 சதவீதம் பேர் இஸ்ரேல் மீது மனப்பற்று உண்டு என்றார்கள். முப்பதுக்குக் கீழே 48 சதவீதம். "பிள்ளைகளுக்குப் பற்று விட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முன்னே ஏதோ எப்போதும் நிறைந்திருந்த மாதிரி பேசுகிறார்கள்!

1885-இல், பழைய ஆசாரங்களைத் தளர்த்திக்கொண்ட அமெரிக்கச் சீர்திருத்த யூதப் பிரிவின் மதகுருமார்கள் பிட்ஸ்பர்க்கில் கூடி, நாங்கள் ஒரு தேசமல்ல, மதச் சமூகம் மட்டுமே, பாலஸ்தீனத்துக்குத் திரும்பும் எதிர்பார்ப்பும் இல்லை என்று எழுதிவைத்தார்கள். அதே பிரிவினர் 1937-இல் கொலம்பஸ் நகரில் அந்த நிலையை மாற்றிக்கொண்டார்கள். நடுவில் என்ன நடந்தது? அமெரிக்கா 1924-இல் குடியேற வருபவர்களுக்குக் கதவைப் பாதி சாத்தியது. ஜெர்மனியில் ஹிட்லர் வந்தார். ஓட இடம் வேண்டியிருந்தது. இஸ்ரேல் பிறந்த பிறகும், 1950-இல் பிரதமர் பென்-குரியன், அமெரிக்க யூதர்களின் அரசியல் விசுவாசம் அமெரிக்காவுக்கே என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

பிறகு 1967. மே மாதம் முழுக்க, அண்டை அரபு நாடுகளால் இஸ்ரேல் அழிந்துவிடுமோ என்ற பயம். ஜூனில் ஆறே நாளில் போர் முடிந்தது. அதுவரை பட்டும் படாமலும் இருந்தவர்கள்கூடக் கடன் வாங்கிப் பணம் அனுப்பினார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020-இல் 65 வயதானவருக்கு அன்று பன்னிரண்டு வயது. அவருடைய பேத்திக்கு அந்தப் பயம் தெரியாது. அவள் வளர்ந்தபோது பார்த்தது 2008-லும் 2014-லும் நடந்த காஸா போர்கள். திரும்பவும் சொல்கிறேன்: இளவயதில் கண்ணெதிரே என்ன நடந்தது என்பதே பெரிய காரணம்.

அந்த மரங்களுக்கு வருகிறேன். ஜெருசலேமுக்கு மேற்கே, லாத்ரூன் பக்கத்தில் கனடா பூங்கா இருக்கிறது. கனடா யூதர்களின் நன்கொடையில் அமைந்தது. 1967 ஜூனில் ஊர்மக்களை வெளியேற்றி இடித்துத் தள்ளிய இம்வாஸ், யாலு என்ற பாலஸ்தீனக் கிராமங்கள் இருந்த இடம் அது. பாட்டி மனதாரக் கொடுத்த பணம், பேரன் அங்கே போய், "யாருடைய ஊர் இது?" என்று கேட்கிறான். அவனுக்குப் பற்று இல்லை என்று எப்படிச் சொல்வது? அக்கறை இல்லாதவன் கேட்கவே மாட்டானே.

எல்லா இளைஞரும் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். அதே கணக்கெடுப்பில் 65-க்கு மேற்பட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் மதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடிக்கும் ஆசாரப் பிரிவினர்; முப்பதுக்குக் கீழே 17 சதவீதம். இவர்களுக்கு இஸ்ரேல் உயிர். ஆக, இளையவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலும் அதன் பின் காஸாவில் நடந்த போரும் இந்தப் பிளவை ஆழமாக்கின. 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், காஸா போரை எதிர்த்துப் போட்ட போராட்டக் கூடாரங்களுக்கு நடுவிலேயே யூத மாணவர்கள் பாஸ்கா பண்டிகை விருந்து நடத்தினார்கள். அதே வளாகத்தில் வேறு யூத மாணவர்கள் அந்தப் போராட்டத்தைக் கண்டு அஞ்சினார்கள்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 1999-இல் தொடங்கி, இளைஞர்களைப் பத்து நாள் இலவசமாக இஸ்ரேலுக்கு அழைத்துப்போகும் பர்த்ரைட் பயணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், போகட்டும். கொச்சியை மட்டும் விட மனமில்லை. மட்டாஞ்சேரி ஜெபக்கூடத்தின் சீன ஓடு பதித்த தரையைப் பார்த்திருப்பீர்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதீம் என்ற ஊரில் பலர் குடியேறினார்கள். இன்று அங்கே கேரளச் சாயலில் ஒரு ஜெபக்கூடம் இருக்கிறது, கொச்சி வாழ்க்கைக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. அவர்களுடைய பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்த மலையாளப் பாட்டுகளைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.