முட்டை ஏன் வெளுத்தது?

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில், வீட்டு மாடியில் ஆறு தொட்டி வைத்து மீன் வளர்க்கிறேன். குஞ்சு பொரித்த கதையைச் சொல்லத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அனுபவம் அதிகம் பொரிக்காத கதையில்தான்.

ஏஞ்சல் மீன் இரண்டு வாங்கினேன், நல்ல ஜோடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சாய்த்து வைத்த டைல்ஸ் துண்டை இரண்டும் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அப்புறம் ஒன்று, வயிற்றை டைல்ஸோடு ஒட்டிக்கொண்டு கீழிருந்து மேலே மெல்ல ஏறும். கடுகைவிடச் சிறிய முட்டைகள் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். இரவெல்லாம் துடுப்பால் விசிறும். மறுநாள் பார்த்தால் எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. அதற்கு அடுத்த நாள் பஞ்சு பிடித்துவிடும்.

பூஞ்சைதான் எதிரி என்று மெத்திலீன் புளூ ஊற்றினேன். ஆடிச் சாரலில் தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று ஹீட்டர் போட்டு 28 டிகிரியில் வைத்தேன். நான்கு முறையும் அதே வெள்ளை. உண்மையில் கரு சேராத முட்டைதான் முதலில் வெளுக்கும், பூஞ்சை அதன்மேல் பிறகு வந்து உட்காரும். நல்ல முட்டை தேன் நிறத்தில் கண்ணாடிபோல இருக்கும்.

ஐந்தாவது முறை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் மீன் இட்டு முடித்து விலகியது. சரி, ஆண் வருகிறது என்று பார்த்தால், அதுவும் முட்டை போடுகிறது! இரண்டும் பெண். ஆண் கிடைக்காவிட்டால் ஏஞ்சலில் இப்படி இரண்டு பெண்கள் சேர்ந்துகொள்வது உண்டு. முட்டையிடும் சமயத்தில் அடிவயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் குழலைப் பாருங்கள்: பெண்ணுக்குத் தடித்து மழுங்கியிருக்கும், ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். மற்ற நாட்களில் எனக்குத் தெரிவதில்லை, தெரியும் என்பவரை நான் நம்புவதுமில்லை.

அப்புறம் ஆறு குஞ்சு வாங்கி ஒன்றாக வளர்த்து, அவையே ஜோடி சேரட்டும் என்று விட்டேன். சேர்ந்த ஜோடி முதல் இரண்டு முறை முட்டையைத் தின்றுவிட்டது. இளம் ஜோடி அப்படித்தான். அதிலும் நான் அடிக்கடி எட்டிப் பார்த்தது வேறு. நம் மணக்குடிக் காயல் கரிமீனும் ஏஞ்சலின் குடும்பம்தான். அதுவும் முட்டைக்குக் காவல் இருக்கும். ஆனால் அதை யாரும் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது முறை தொட்டியின் முன்பக்கம் செய்தித்தாள் ஒட்டினேன். மூன்றாம் நாள் ஓரமாக விலக்கிப் பார்த்தேன், டைல்ஸில் வால்கள் துடித்துக்கொண்டிருந்தன.

பழைய பெண்கள் இரண்டும் கீழ்த் தொட்டியில் இருக்கின்றன. போன வாரம்கூட ஃபில்டர் குழாயில் முட்டையிட்டு, தீனி போடப் போன என் விரலைக் கொத்தி விரட்டின. வணக்கம்.