வந்த எச்சரிக்கை எங்கே நின்றது?

பெரியோர்களே, தம்பி தங்கைமாரே,

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டோம், அஞ்சலியும் செலுத்திவிட்டோம். இனிச் சங்கடமான விஷயம் ஒன்றைப் பேசுவோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள், பிறகு நம்முடைய மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அன்றைய தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனைக்கு முன் வெளியே நின்றவர்கள்.

பையோடு வந்த அந்நியனை அங்கே ஒருவர் மறித்துக் கேள்வி கேட்டார். உள்ளே விடவில்லை. குண்டு வெளியிலேயே வெடித்தது, மறித்தவரும் இறந்துபோனார். உள்ளே நிறைந்திருந்த சனத்தில் எத்தனை பேர் அவரால் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் துப்பாக்கி இல்லை, சீருடை இல்லை, முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

சொல்லியிருக்க முடியும். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் வந்துவிட்டது. தாக்குதல் கும்பலின் தலைவன் சஹ்ரானின் பெயர் அதில் இருந்தது, தேவாலயங்கள் குறியில் இருப்பதாகவும் இருந்தது. 9ஆம் தேதி பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் போனது. 11ஆம் தேதி அது சுற்றறிக்கையாகி யாருக்குப் போனது தெரியுமா? பிரமுகர்களுக்கும் தூதுவர்களுக்கும் காவல் கொடுக்கும் பிரிவுகளுக்கு! ஆலயங்களில் கூடப்போகிற சனத்துக்கு அதில் ஒரு வரிகூட வந்து சேரவில்லை. அந்த நாட்களில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. பாதுகாப்புச் சபைக்குத் தன்னை அழைப்பதே இல்லை என்று பிரதமரே சொன்னார். மேலே இரண்டு பேர் கோபித்துக்கொண்டதற்குக் கீழே யார் விலை கொடுத்தது?

இன்னொன்று. சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். 2017இல் அவனுடைய ஆட்கள் அங்கே சூஃபி முஸ்லிம்களோடு மோதினார்கள். அதைச் சரியாகக் காதில் வாங்காத நாடு, 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம்களின் கடைகளை உடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரை முறைத்துப் பார்ப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள். நாளைக்கு ஒரு தகவல் அவரிடமிருந்துதான் வரவேண்டியிருக்கும்.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும். பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு அதிகாரிகளும் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். பெரிய தீர்ப்புத்தான். ஆனால் அது கடமை தவறியதற்கான கணக்கு. திட்டம் தீட்டியவர்களின் பின்னால் வேறு யார் இருந்தார்கள் என்ற கேள்வி வேறு.

இப்போது பண்டிகை நாளில் ஆலய வாசலில் பொலிஸ் நிற்கிறது, பையைத் திறக்கச் சொல்கிறது. சரி, திறந்து காட்டுவோம், முணுமுணுக்க வேண்டாம். ஆனால் அடுத்த ஏப்ரலில் அரசியல்வாதி யாராவது மாலையோடு இங்கே வந்தால், ஃபோட்டோ எடுத்து முடிந்ததும் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்: “ஐயா, இனி இப்படி ஒரு கடிதம் கொழும்புக்கு வந்தால், எங்கள் போதகருக்கும் பள்ளிவாசல் தலைவருக்கும் அன்றைக்கே அதைச் சொல்ல வேண்டிய அதிகாரி யார்? அவருடைய ஃபோன் நம்பரைத் தாருங்கள்.”