எம்ஜிபி காரின் கறுப்பு மூக்கை அறுக்கலாமா? கிரைண்டரை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: கோலாலம்பூர், செந்தூல் பட்டறை. கிரைண்டர் சத்தம். ஒரு கை குறுக்கே வந்து நிறுத்துகிறது.]

நிறுத்துங்க அண்ணே, ஒரு நிமிஷம்!

வணக்கம் மக்களே. இப்போது கேட்ட அந்தச் சத்தம் இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால், 1977ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முகம் இந்தத் தரையில் கிடந்திருக்கும். இது என் பெரியப்பாவின் கார். எண்பதுகளில், ஊர் திரும்பிய ஓர் இங்கிலாந்துக்காரரிடம் அவர் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். பெரியப்பா இப்போது இல்லை, கார் அண்ணனிடம் இருக்கிறது. அண்ணனுக்கு அந்தக் கறுப்பு ரப்பர் பம்பரைக் கண்டாலே பிடிக்காது. "தம்பி, இதைக் கழற்றிட்டு குரோம் போட்டுட்டா கார் அழகா ஆயிடும், வளைவிலயும் நல்லா ஓடும்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழகு அவரவர் கண். ஆனால் அந்த இரண்டாவது பாதி, நல்லா ஓடும் என்பது, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி 1962இல் வந்தது, இங்கிலாந்தில் ஆபிங்டன் ஊரில் செய்தார்கள், 1980இல் நிறுத்தினார்கள். நடுவில் 1974இல் மெல்லிய குரோம் பம்பர் போய் இந்தக் கறுப்பு மூக்கு வந்தது. காரணம் அமெரிக்கச் சட்டம்: மணிக்கு 5 மைல் வேகத்தில், அதாவது 8 கி.மீ. வேகத்தில் மோதினாலும் விளக்கு முதலான பாதுகாப்புச் சாதனங்கள் கெடக்கூடாது. அங்கேதான் இந்தக் கார் அதிகம் விற்றது, அதனால் எல்லா நாட்டுக்கும் ஒரே மூக்கு. ரப்பர் என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் அது பாலியூரிதேன், உள்ளே கனமான இரும்பு. காரின் நீளம் 3.89 மீட்டரிலிருந்து 4.02 மீட்டராகிவிட்டது.

[காட்சி: இரண்டு காரின் பக்கவாட்டுப் படம், ஒன்றன்மேல் ஒன்று.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். பம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரிகிறதா? அந்தச் சட்டத்தில் பம்பர் தரையிலிருந்து எந்த உயரத்தில் இடியைத் தாங்க வேண்டும் என்றும் இருந்தது. அதற்காகக் காரையே ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். முன்னால் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றினார்கள், பின்னால் பட்டை ஸ்பிரிங்கின் வளைவைக் கூட்டினார்கள். அதோடு விட்டார்களா? அதே நேரத்தில் ரோட்ஸ்டரின், அதாவது திறந்த கூரை மாடலின், முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். உயரத்தையும் கூட்டிவிட்டு, சாய்வைத் தடுக்கும் கம்பியையும் கழற்றினால் கார் என்ன ஆகும்?

தைப்பூசத்தில் பத்துமலைக்குப் போயிருப்பீர்கள். தோளோடு ஒட்டிய சின்னக் காவடி எடுப்பவர் கூட்டத்துக்குள் சுலபமாகத் திரும்பிப் போய்விடுவார். ஆள் உயரத்துக்கு மேலே மயில்தோகை வைத்த காவடி எடுப்பவரைப் பாருங்கள், அவர் ஒரு பக்கம் திரும்ப, காவடி எதிர்ப்பக்கம் சாய, அதை நேராக்க அவர் இன்னொரு அடி வைக்க வேண்டியிருக்கும். எடை மேலே போகப் போகச் சாய்வு கூடும், அவ்வளவுதான். இப்போது இன்னொரு காவடி: நீளமான தடி, இரண்டு முனையிலும் பால்செம்பு. அதை வைத்துக்கொண்டு சுழன்று ஆடிப் பாருங்கள். தொடங்குவதும் கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம், ஏனென்றால் எடை முனையில் இருக்கிறது. எம்ஜிபியின் கனமான பம்பர் இரண்டும் அந்தப் பால்செம்பு மாதிரி. ஆக, அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, பம்பரை எடுத்தால் கார் ஓரளவு சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆனால் உயரக் காவடியின் ஆட்டம் போகாது! குரோம் பம்பர் மாட்டிய கார் அதே ஒன்றரை அங்குலம் கூடிய உயரத்தில்தான் நிற்கும், அதே மாதிரிதான் சாயும். பணத்தைக் கொட்டிவிட்டு, பத்துமலையைத் தாண்டி உலு யாம் போகிற வளைவுகளில் ஓட்டிப் பார்த்து "என்ன, ஒன்னும் மாறலியே" என்று வருத்தப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கார் 1977 மாடல் என்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தப்பு தெரிந்து, அந்த மாடலிலிருந்து முன்னாலும் பின்னாலும் ஆன்டி ரோல் பார் போட்டார்கள். உங்களுடையது 1975, 1976 மாடல் என்றால் முதல் வேலையாகக் குனிந்து பார்த்து, முன்னால் அந்தக் கம்பி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் காசு முதலில் போக வேண்டிய இடம் அதுதான், குரோம் அப்புறம்.

உயரத்தைக் குறைக்க என்ன செய்வது? குட்டையான சுருள் ஸ்பிரிங்கை முன்னால் போட்டு, பின்னால் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைப்பது ஒரு வழி. விலை குறைவு, ஆனால் முன்பக்கச் சஸ்பென்ஷன் கைகளின் கோணம் மாறிவிடும். பழைய குரோம் காரின் குறுக்குச் சட்டத்தையே தேடிப் போட்டு, பின்னால் அந்தக் கால அளவு பட்டை ஸ்பிரிங் போடுவது சரியான வழி, எனக்குப் பிடித்ததும் இதுதான். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக் அதில் சரியாக உட்காருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இவ்வளவையும் பம்பரைத் தொடாமலேயே செய்யலாம். பிடிக்கவில்லை என்றால் திரும்பக் கழற்றியும் விடலாம். ஆனால் ஒன்று, தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, உள்ளே இருக்கும் வேகத்தடைகளில் தாழ்வான எம்ஜிபியின் எக்ஸாஸ்ட் உரசும், ஒவ்வொன்றிலும் உரசும். தினமும் அப்படிப்பட்ட பாதையில்தான் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் பாதி அளவு இறக்கினால் போதும்.

[காட்சி: பட்டறை போர்மன் முன் மட்கார்டில் சாக்பீஸால் கோடு போடுகிறார்.]

சரி, இப்போது அறுக்கும் வேலை. நாலு போல்ட் கழற்றி நாலு போல்ட் மாட்டுவது என்று நினைக்காதீர்கள். ரப்பர் மாடலில் முன் சிக்னல் விளக்கு பம்பருக்குள் இருக்கிறது, குரோம் மாடலில் அது மட்கார்டில் ஹெட்லைட்டுக்குக் கீழே. அதனால் மட்கார்டையே மாற்ற வேண்டும் அல்லது வெட்டித் துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கீழே, பம்பருக்கு அடியில் வரும் முன் வேலன்ஸ் தகடு புதிதாக வேண்டும். கிரில் வேண்டும். பம்பரைத் தாங்கும் இரும்பு முனைகளை வெட்டி, புதுத் தாங்கிகள் வைக்க வேண்டும். பின்னால் இன்னும் மோசம்: கறுப்பு பம்பர் மறைத்திருக்கும் மூலைகளில், விளக்குக்குக் கீழே, குரோம் காரில் இருக்கும் தகடே கிடையாது, அதைச் செய்து ஒட்ட வேண்டும். நம்பர் பிளேட் விளக்குக்குக்கூட புது இடம் தேட வேண்டும். இத்தனைக்கும் பிறகு முழுக் காருக்கும் பெயின்ட், ஏனென்றால் மூக்கு ஒரு நிறம் உடம்பு ஒரு நிறமாக விட முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவரின் காரை ஒரு கடையில் இப்படி வெட்டினார்கள், ஒரு பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்துவிட்டது. ஒவ்வொரு சிக்னலிலும் அது தன் கண்ணில் படுகிறது என்று அவர் சொல்லும்போது எனக்கே மனசு வலித்தது.

காரின் கட்டமைப்பை மாற்ற ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறையின், அனுமதி வேண்டும், வெட்டும் முன்பே போய்க் கேட்டுவிடுங்கள்.

இதே காலத்துப் போர்ஷே 911ஐயும் பாருங்கள், 1974 மாடலில் அதற்கும் இதே சட்டத்துக்காகப் பெரிய பம்பர் வந்தது. அவர்கள் அலுமினியப் பம்பரை உடம்பு நிறத்திலேயே செய்து, ஓரத்தில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு வைத்தார்கள். இடித்தால் துருத்தி அமுங்கும். எனக்கு அந்த மடிப்பு அவ்வளவு பிடிக்கும்! அதையும் பழைய மாடல் மாதிரி மாற்ற ஆசைப்படுகிறவர்கள் உண்டு, அங்கேயும் பானெட்டின் நீளம் மாறியிருப்பதால் பம்பரோடு வேலை முடியாது.

அப்புறம் நம்ம ஊர் வெயில், மழை. குரோம் என்பது இரும்பின்மேல் நிக்கலும் அதன்மேல் மிக மெல்லிய குரோமியமும். பம்பரின் உள்பக்கம் மழைத்தண்ணீர் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு அங்கிருந்துதான் தொடங்கும். பினாங்கில் கடற்கரை ஓரம் வீடு என்றால் உப்புக்காற்று வேறு, வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும். கறுப்பு பம்பருக்கு எதிரி வெயில், சாம்பல் பூத்து வெளுத்துவிடும். அதைச் சுத்தம் செய்து, வளையும் தன்மை தரும் கலவை சேர்த்த பெயின்ட் அடித்தால் மறுபடியும் கறுப்பாகிவிடும். சிலர் காரின் நிறத்திலேயே அடிக்கிறார்கள், அதுவும் நன்றாக இருக்கிறது. போன வருடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கார் ரிவர்ஸில் வந்து எங்கள் மூக்கில் இடித்தது. அந்தக் காரின் பின்பக்கம் உள்ளே போய்விட்டது, எங்கள் பம்பரில் ஒரு கோடு, அதுவும் துடைத்தால் போய்விட்டது. பெரியப்பா இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

என் முடிவு இது. முன்பக்கம் ஏற்கெனவே துருப்பிடித்து, மட்கார்டும் வேலன்ஸும் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ள கார் என்றால் குரோம் போடுங்கள், நானே வந்து உதவுகிறேன். தகடு நன்றாக இருக்கிற, யாரும் வெட்டாத காரை வெட்டாதீர்கள்.

அண்ணனிடம் ஒன்று கேட்டேன், முதலில் உயரத்தைச் சரிசெய்வோம், உலு யாமில் நீங்களே ஓட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகும் மூக்கு பிடிக்கவில்லை என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். "சரிடா" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வீடியோவில் குறுக்குச் சட்டத்தைக் கழற்றப் போகிறோம், அதைத் தவறவிடாமல் இருக்க சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு உதவி. குரோமுக்கு மாறியவர்கள் கழற்றிய கறுப்பு பம்பரை வீட்டுப் பின்னால் போட்டு வைத்திருப்பீர்கள், தயவுசெய்து அதைக் குப்பையில் போடாதீர்கள். எங்கள் காரின் பின் பம்பரில் வலது மூலை கிழிந்திருக்கிறது. கோலாலம்பூர், பினாங்கு, ஈப்போ, எங்கே இருந்தாலும் கமெண்டில் எழுதுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.